மிசியின் சம்பளச் சீட்டு

எங்கள் பக்கத்தில் தாதியை யாரும் தாதி என்று கூப்பிடுவதில்லை. மிசிதான். மிசி ஊசி போட்டாங்க, மிசி திட்டுனாங்க, மிசிக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. ‘தாதி’ நாளிதழில் வரும், அரசாங்க அறிவிப்பில் வரும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதே ஆள் ‘செவிலியர்’ ஆகிவிடுகிறார். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தவள். தலைவி காதலனோடு வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனால், பாலை வழியில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப் போகிறவளும் அவள்தான். இன்றைக்கு நிலைமை தலைகீழ். வழியில் இருப்பவள் செவிலி. வீட்டில் இருப்பவர்கள்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்: எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது வருவாள்?

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. பாரிட் ராஜாவில் பொறியியல் படித்துவிட்டு, ஆயர் ஈத்தாமில் இருந்தபடி ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறவன். இயந்திரம் ஏன் இந்த வேகத்தில் ஓடுகிறது, எங்கே சக்தி விரயமாகிறது என்று பார்ப்பது என் தொழில். என் பெரியம்மா மகள் மிசி. அக்காவின் சம்பளம் எங்கள் குடும்பத்தில் பத்து வருடமாகப் பேசுபொருள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே இரவு ஷிப்ட். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. அப்படியென்றால் சம்பளச் சீட்டில் எழுதியிருப்பது எதற்கான கூலி? திறமைக்கா, உழைப்புக்கா, வீட்டைவிட்டுப் போனதற்கா?

இதற்கு விடை தேடிப் போனால் மருத்துவமனையைவிடத் தோட்டத்துக்கே முதலில் போக வேண்டியிருக்கிறது.

டிக்கெட் யார் காசு?

மலாயாவுக்கு வந்த தமிழரின் கூலி வரலாற்றை நாம் பெரும்பாலும் துயரக் கதையாகவே படித்திருக்கிறோம். அது துயரக் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. கப்பல் கட்டணத்தை யார் கொடுத்தது என்பதுதான் அந்தக் கணக்கின் முதல் வரி.

தொடக்கத்தில் கட்டணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர் குறிப்பிட்ட காலம் அதே தோட்டத்தில் வேலை செய்து கழிக்க வேண்டும். கங்காணி வழியாக வந்தவருக்கு முன்பணம் சம்பளத்தில் பிடிக்கப்படும். இதில் தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு தலைவலி இருந்தது. ஒரு துரை காசு செலவழித்து ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டத்துத் துரை கொஞ்சம் ஆசை காட்டி அந்த ஆளை இழுத்துக்கொள்வார். டிக்கெட் எடுத்தவர் ஏமாந்து நிற்பார்.

1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பிற்பாடு இதுவே இந்தியக் குடியேற்ற நிதி ஆனது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும், அவர்கள் வேலை செய்த நாள்களின் கணக்குப்படி இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் புதிதாக வருபவர்களுக்குக் கப்பல் டிக்கெட். நீங்கள் ஆள் கொண்டுவந்தாலும் கொண்டுவராவிட்டாலும் கட்டணம் உண்டு. அதனால் அடுத்தவர் ஆளை இழுப்பதில் பெரிய லாபம் இல்லை. தொழிலாளி கடனில்லாமல் வந்து இறங்கலாம் என்று ஆனது. 1910இல் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது.

கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. கூலியைப் பாருங்கள். டிக்கெட் கடன் போனது. கூலியை முடிவு செய்யும் உரிமை வந்ததா? வரவில்லை. தோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து கூலியைப் பேசி வைத்துக்கொண்டார்கள். 1930களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது பலகாலம் பேசப்பட்ட தரநிலைக் கூலி. ரப்பர் விலை இறங்கும்போது அதுவும் குறைக்கப்பட்டது. 1938இல் மறுபடி கூலியைக் குறைத்தபோது, அந்த ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசு உதவியோடு நடக்கும் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஆள் வந்துகொண்டே இருக்கும் வரை கூலி ஏற வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இடம்பெயரும் தொழிலாளியின் சந்தையில் இரண்டு விஷயங்கள் அப்போதே தெளிவாகிவிட்டன. பயணச் செலவை ஏற்பவர் சம்பளத்தில் பங்கு கேட்பார். கூலி ஏறும்போல் இருந்தால் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து உச்சவரம்பு வைக்கப் பார்ப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மருந்து வாசனை அடிக்கும் பக்கம் போவோம்.

டிரெசரின் அதிகாரம்

தோட்டங்களில் மருத்துவம் கருணையால் வந்ததல்ல. ஆள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 60ஐத் தாண்டியது. நூறு பேர் உள்ள லயத்தில் ஆறு பேர், ஒரே வருடத்தில். மலேரியாதான் பெரிய எமன். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவில் கண்டுபிடித்தார். அதற்குச் சில ஆண்டுகளிலேயே, 1901இல், கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய வைத்து நோயைக் குறைத்துக் காட்டினார். ஆனால் புதிய தோட்டங்கள் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. காசு செலவழித்துக் கொண்டுவந்த ஆள் சாகாமல் இருக்க வேண்டும் என்பது முதலாளிக்கும் தேவை. தொழிலாளர் சட்டங்களும் தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தின.

டாக்டரை ஒவ்வொரு தோட்டத்திலும் வைக்கக் கட்டுபடியாகாது. ஒரு டாக்டர் பல தோட்டங்களுக்கு முறைவைத்து வந்து போவார். மீதி நாளெல்லாம் ஆஸ்பத்திரி டிரெசர் கையில். காயம் கட்டுவது, கொய்னா கொடுப்பது, குழந்தைக்கு மருந்து, பிரசவத்துக்கு ஏற்பாடு எல்லாம் அவர்தான். பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர், தமிழ்நாட்டிலிருந்து படித்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் லயத்தில் குடியிருக்கவில்லை. கிராணி மாதிரி தனி வீடு, மாதச் சம்பளம்.

பாட்டி தலைமுறையில் டிரெசரைப் பற்றிப் பேசினால் மரியாதையும் பயமும் சேர்ந்தே வரும். காரணம் மருந்து மட்டும் அல்ல. உடம்பு முடியவில்லை என்று போனால், உண்மையிலேயே முடியவில்லை என்று சொல்ல வேண்டியவர் அவர். அவர் எழுதிக் கொடுத்தால் ஓய்வு. இல்லையென்றால் பால்வெட்டுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது, கூலி கிடையாது. நாள்கூலி உலகத்தில் காய்ச்சலை அளப்பவரும் ஒரு வகையில் கணக்குப்பிள்ளைதான்.

இதே தோட்டத்தில் இன்னொரு பராமரிப்பு வேலையும் நடந்தது. ஆயாக் கொட்டகை. வெட்டுக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளை, வயதான அல்லது வெட்டுக்குப் போக முடியாத பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். முப்பது குழந்தைகளைக் காலையிலிருந்து மதியம் வரை உயிரோடு காப்பது சின்ன வேலையா? அதைத் திறமை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. டிரெசருக்குப் பெயர்ப்பலகை இருந்தது; ஆயாவுக்கு ஒரு தொட்டில் வரிசை இருந்தது. தாதியர் சம்பளம் உலகம் முழுக்க ஏன் தாழ்ந்தே இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தக் கொட்டகையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. டிரெசர்களுக்குச் சட்டபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘தோட்டம்’ இருப்பதைக் கவனியுங்கள். ஆயுள் முழுக்கக் கற்ற வித்தை, ஓர் இடத்தோடு கட்டப்பட்டுவிட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தோட்டம் போனபோது தோட்டத்து டிரெசரின் சந்தையும் போனது. அதற்கு முந்தைய 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் வேறு வகை. அது தாதியரை நாட்டுக்கே பொதுவான ஒரு பதிவேட்டில் எழுதியது. ஒரு மருத்துவமனையை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம். அந்தப் பதிவு எண் கையில் இருந்ததால்தான் பின்னால் பெண்கள் கடல் தாண்ட முடிந்தது.

லண்டனுக்குப் போன மிசிகள்

நம் ஆட்கள் தாதி வேலைக்கு வெளிநாடு போவது புதுசு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்தே ஆள் பற்றாக்குறை. கரீபியன் தீவுகள், அயர்லாந்து, மலாயா என்று பழைய சாம்ராஜ்யத்தின் மூலைகளிலிருந்து இளம்பெண்களைப் பயிற்சித் தாதிகளாக வரவழைத்தார்கள். 1950களிலிருந்து 70கள் வரை இங்கிருந்து சீனப் பெண்களும் தமிழ், மலையாளி, பஞ்சாபிப் பெண்களும் நிறையப் போனார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, படிக்கும்போதே உதவித்தொகை. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கதவு அப்போது ஏது?

அந்தக் கதவுக்குள் இரண்டு பாதைகள் இருந்தன. மூன்றாண்டு படித்தால் அரசுப் பதிவு பெற்ற தாதி. இரண்டாண்டு படித்தால் இரண்டாம் நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட தாதி. காலனி நாடுகளிலிருந்து வந்தவர்களில் பலரை, வித்தியாசத்தைச் சொல்லாமலே இரண்டாவது பாதைக்குத் தள்ளினார்கள் என்பது பின்னால் ஆய்வாளர்களும் அந்தப் பெண்களுமே பதிவு செய்த விஷயம். இரண்டாம் நிலைத் தகுதியில் பதவி உயர்வு கிட்டத்தட்டக் கிடையாது. அதைவிடக் கொடுமை, சொந்த நாடு திரும்பினால் பல இடங்களில் அந்தத் தகுதியை ஏற்கவும் மாட்டார்கள். வார்டில் இருவரும் ஒரே வேலைதான் பார்த்தார்கள். சீருடையின் நிறமும் சம்பளமும் மட்டும் வேறு.

இங்கேயும் பயணச் செலவின் கணக்கைப் பாருங்கள். பயிற்சிக்கான செலவை பிரிட்டன் ஏற்றது. பதிலுக்கு அது எடுத்துக்கொண்டது, எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் என்பதை முடிவு செய்யும் உரிமையை.

ஒன்றுக்கு ஒன்றாக இருந்த காலம்

ஜோகூர்க்காரர்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் சிங்கப்பூர். 1924இல் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டதிலிருந்து, அது கடலைத் தாண்டுவது மாதிரியே இல்லை. எங்கள் ஊர் அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகிற சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் போகிற சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆயர் ஈத்தாம். நெடுஞ்சாலை வருவதற்கு முன் எல்லாப் பேருந்துகளும் இங்கே நின்றுதான் போகும். பயணிகளை நம்பி வளர்ந்த ஊர். பீங்கான் ஜாடி, காய்ந்த பலகாரம், ஒரு டீ. ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர் என்று பொருள்.

இந்தப் பக்கத்து இளைஞர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த ஒரு தேதியைச் சொல்லச் சொன்னால் நான் 1973 மே 8ஐச் சொல்வேன். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் அது பெரிதாக வராது. 1967 ஜூனில் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆனால் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று சமம், எங்கும் மாற்றலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 1973 மே மாதம் மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு மெல்ல மெல்ல விலகியது. 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்து, 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போடப்பட்டது. 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய மூன்றரை ரிங்கிட்.

என் தாத்தா காலத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் வேலை தேடிப் போனார். என் அக்கா காலத்தில் போனவர் விகிதம் தேடிப் போகிறார். இந்த வித்தியாசத்தைக் கீழே கணக்காகவே காட்டுகிறேன்.

அதற்கு முன் அக்கா எப்படி மிசி ஆனாள் என்று சொல்ல வேண்டும். 2000களில் நாடு முழுக்கத் தனியார் தாதியர் கல்லூரிகள் முளைத்தன. எஸ்பிஎம்மில் சுமாரான தேர்ச்சி போதும். உயர்கல்விக் கடன் கிடைக்கும். மூன்று வருட டிப்ளோமா, முடித்ததும் வேலை உறுதி என்றார்கள். தோட்டத்தைவிட்டு வெளியே வந்த முதல் தலைமுறைக்கு, மகள் வெள்ளைச் சீருடையில் நிற்பது எவ்வளவு பெரிய கனவு என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா 2008இல் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து 2011இல் முடித்தாள். சந்தையில் அப்போது டிப்ளோமா தாதிகள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தார்கள். 2010இலேயே புதிய தாதியர் படிப்புகளுக்கு அனுமதி நிறுத்தப்பட்டிருந்தது, சேர்க்கைத் தகுதியும் ஐந்து கிரெடிட் என்று உயர்த்தப்பட்டது. அக்கா எட்டு மாதம் குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடன் மட்டும் தவணை தவறாமல் வந்தது.

பிறகு என்ன ஆனது? பத்து வருடத்துக்குள் அதே நாடு தாதியர் பற்றாக்குறை என்று பேச ஆரம்பித்தது. ஐந்து கிரெடிட் தகுதியை மறுபடி மூன்றாகக் குறைத்தார்கள். படித்து வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றால், பலர் வேறு வேலைக்குப் போனார்கள், பலர் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மிஞ்சியது, பற்றாக்குறை, மறுபடி மிஞ்சும். தொழிற்சாலையில் இதைத் தாமதப் பின்னூட்டம் என்போம். இன்றைய தேவையைப் பார்த்து இயந்திரத்தைத் திருப்பினால், மூன்று வருடம் கழித்துத்தான் பலன் வெளியே வரும். அதற்குள் தேவை மாறியிருக்கும். இதில் அரைபடுவது பதினெட்டு வயதில் முடிவெடுத்த ஒரு பெண்.

பதின்மூன்று வார மிசி

உலகத்தில் இதற்கு நேர் எதிர்முனை அமெரிக்காவின் பயணத் தாதியர் முறை. அங்கே ஒரு தாதி மருத்துவமனையின் ஊழியர் இல்லை, ஏஜென்சியின் ஆள். ஆள் பற்றாத மருத்துவமனைக்கு, வழக்கமாகப் பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் போவார். முடிந்ததும் வேறு மாநிலம். சம்பளம் இரண்டு பகுதி: வரி பிடிக்கும் மணிக்கூலி, வரியில்லாத வாடகை-சாப்பாட்டுப் படி. இந்தப் படி வரியில்லாமல் கிடைக்க, வேறோர் ஊரில் நிரந்தர வீடு இருப்பதைக் காட்ட வேண்டும். அதனால் விளம்பரத்தில் தெரியும் பெரிய எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, மணிக்கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே புதிதாகச் சேரும் தாதிக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் பாடம். ஓ.டி. கணக்கிடும் அடிப்படை அந்த மணிக்கூலி.

கோவிட் காலத்தில் சில ஒப்பந்தங்கள் வாரத்துக்கு 5,000 டாலரைத் தாண்டின, உச்சத்தில் 10,000 வரை போயின. அதே வார்டில் இருந்த நிரந்தரத் தாதி பழைய சம்பளத்தில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் தேவை இறங்கியதும் ஒப்பந்தத்தின் நடுவிலேயே சம்பளம் குறைக்கப்பட்டது, வழக்குகள் நடந்தன. உச்சவரம்புப் பேச்சும் தொடங்கியது. மின்னசோட்டா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் ஏஜென்சி வசூலிக்கும் கட்டணத்துக்கு முன்பிருந்தே வரம்பு உண்டு. இங்கிலாந்திலும் 2015 நவம்பரில் ஏஜென்சி ஊழியர் கட்டணத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். பொது நிதியைக் காப்பாற்ற என்றார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நூறு வருடத்துக்கு முன் தோட்டக்காரர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை நினைவுபடுத்தாமல் இல்லை. ஆள் நகர முடிகிறபோது விலை ஏறுகிறது. விலை ஏறும்போது வாங்குபவர்கள் ஒன்றுகூடுகிறார்கள்.

சீட்டைப் பிரித்துப் பார்த்தால்

நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தாதியர் பலர் எஸ் பாஸில் இருக்கிறார்கள். நிதித்துறை தவிர்த்த துறைகளில் அதற்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி. வயது கூடக் கூட அந்த வரம்பும் கூடும். முதலாளி ஓர் ஆளுக்கு மாதம் 650 வெள்ளி லெவி கட்ட வேண்டும். 1907இன் குடியேற்ற நிதிக்கும் இந்த லெவிக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. இரண்டுமே வெளியாளை வைத்திருப்பதற்காக முதலாளி தலைக்கு இவ்வளவு என்று கட்டுவது. ஒரு வித்தியாசம்: அன்றைய பணம் ஆளைக் கொண்டுவரப் போனது, இன்றைய லெவி வெளியாள் அளவுக்கு மீறி வராமல் தடுக்க.

ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். எண்கள் என் கற்பிதம், வழிமுறையை மட்டும் பாருங்கள். இங்கே ஒரு மிசிக்கு எல்லாப் படியும் சேர்த்து 2,800 ரிங்கிட். அங்கே 3,300 வெள்ளி. ஒரு வெள்ளி 3.30 ரிங்கிட் என்றால் 10,890. கிட்டத்தட்ட நாலு மடங்கு. கல்யாண வீட்டில் பேசப்படும் கணக்கு இதோடு முடிந்துவிடும்.

தொடர்ந்து போடுங்கள். இங்கே முதலாளி ஊழியர் சேமநிதிக்குத் தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 364 ரிங்கிட் கட்டுகிறார். அது அவள் பணம்தான். மொத்தம் 3,164. அம்மா வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறாள், செலவு 800. மிச்சம் 2,364. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அங்கத்திய மத்திய சேமநிதி கிடையாது. அறை வாடகை 900, சாப்பாடு போக்குவரத்து 600 என்று வைத்தால் மிச்சம் 1,800 வெள்ளி. ரிங்கிட்டில் 5,940. நாலு மடங்கு இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. இன்னும் லாபம்தான், சந்தேகமில்லை.

இப்போது விகிதத்தை 1973க்கு முன்பிருந்தபடி ஒன்றுக்கு ஒன்று என்று வையுங்கள். 1,800 எதிரே 2,364. அக்கா போயிருக்கவே மாட்டாள். அதாவது இந்த உதாரணத்தில் அவள் பெறும் ஆதாயம் முழுவதும் நாணய விகிதத்திலிருந்து வருகிறது. அவள் கை வேகமானதாலோ அனுபவம் கூடியதாலோ அல்ல. நாளைக்கு ரிங்கிட் ஏறினால், ஒரு ஊசிகூடத் தவறாகப் போடாமலே அவள் சம்பளம் குறையும்.

வாடகையை மிச்சப்படுத்த ஜோகூர் பாருவில் தங்கித் தினம் பாலம் தாண்டுகிறவர்கள் உண்டு. போக இரண்டு மணி, வர இரண்டு மணி, மாதம் 22 நாள் என்றால் 88 மணி நேரம். மாத வேலை நேரம் 180 என்று கொண்டால் மணிக்கு 18 வெள்ளிக்கு மேல். பாலத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 12தான். மூன்றில் ஒரு பங்கை வரிசை தின்றுவிடுகிறது.

எண்ணில் வராத செலவும் இருக்கிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. தினம் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தாண்டுவதாகச் சொல்லப்பட்ட பாலம் ஓய்ந்தது. தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. இடையில் பெரியப்பா தவறினார். அக்கா அவர் முகத்தைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு அன்று இரவு ஷிப்டுக்குப் போனாள், ஏனென்றால் வார்டில் ஆள் இல்லை. அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினாள். “அங்க எத்தனை அப்பாவுக்குத் தண்ணி குடுத்தேன் தெரியுமா தம்பி, எண்ணவே இல்ல.”

யார் திரும்புவார்கள்?

2024இல் சிங்கப்பூர் தன் பொதுத்துறைத் தாதியரைத் தக்கவைக்க ஒரு திட்டம் அறிவித்தது. 20 வருடங்களில் ஒருவருக்கு 1 லட்சம் வெள்ளி வரை கிடைக்கும். வெளிநாட்டுத் தாதியருக்கும் குறைவான தொகையில் அதில் இடம் உண்டு. அதே ஆண்டு இங்கே, புதிய பொதுச்சேவை ஊதிய முறையோடு சேர்த்து, ஷிப்ட் பார்க்கும் அரசுத் தாதியரின் வார வேலை நேரத்தை 42இலிருந்து 45 மணியாக்கும் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். இரண்டு செய்தியும் ஒரே கைப்பேசியில் ஒரே மிசிக்குத்தான் வந்து சேர்ந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் மருத்துவப் பணியாளரை நாடு தாண்டிச் சேர்ப்பதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. பற்றாக்குறை உள்ள நாட்டை வறண்டுபோகச் செய்யாதீர்கள் என்பது அதன் சாரம். நெறிமுறைக்குக் கட்டாயம் இல்லை. விகிதத்துக்கு இருக்கிறது.

“நாட்டுப்பற்று இல்லாம ஓடிட்டாங்க” என்று மிசிகளைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அதே ஆட்கள் என்னைப் போன்ற பொறியாளர் சிங்கப்பூருக்குப் போனால் கெட்டிக்காரன் என்பார்கள். பெண் பார்க்கும் பராமரிப்பு வேலையில் மட்டும் சேவை, தியாகம் என்ற சொற்கள் வந்துவிடும். அந்தச் சொற்களின் வேலையே சம்பளத்தைப் பற்றிப் பேசவிடாமல் செய்வதுதான். ஆயாக் கொட்டகையில் தொடங்கிய பழக்கம் அது.

ஆனால் மற்றப் பக்கமும் உண்மை. பத்து பகாட்டிலோ குளுவாங்கிலோ அரசு மருத்துவமனை வார்டில் ராத்திரி ஒரு மிசி எத்தனை கட்டிலைப் பார்க்கிறாள் என்று, அங்கே உறவினர் பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்த யாருக்கும் தெரியும். அந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்களில் நம் தோட்டத்துப் பாட்டிகளும் இருக்கிறார்கள். தங்கள் மகள்களை மிசியாக்கியவர்கள் அவர்கள்தான்.

இப்போது எங்கள் வீட்டில் அடுத்தவள் தயாராகிறாள். சித்தி மகள், எஸ்பிஎம் எழுதியிருக்கிறாள், தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். எவ்வளவு சம்பளம் வரும் என்று என்னிடம் கேட்டாள். நான் அக்காவிடம் அனுப்பினேன். அக்கா எண் எதுவும் சொல்லவில்லையாம். மூணு விஷயம் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடு என்றாளாம். படிப்புக்கு யார் காசு, அதுக்குப் பதிலா எத்தனை வருசம் கட்டிப்போடுவாங்க? உன் பேரு எந்தப் பதிவேட்டுல ஏறும், அது எந்தெந்த ஊருல செல்லும்? நடுவுல நீ விட்டா என்ன, அவங்க விட்டா என்ன?

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய எங்கள் பூட்டனிடம் இந்த மூன்றையும் கேட்கச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தங்கச்சி தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். கல்லூரி நேர்முகம் அடுத்த வாரம்.